புலுனியில் தொடங்குங்கள்: யாழ்ப்பாணத்தில் பறவை பார்க்க விரும்புவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சின்ன வயதில் வளவுக்குள் குருவி பார்த்துத் திரிந்ததோடு சரி. இத்தனை வருடம் கழித்து எங்கிருந்து தொடங்குவது?

கிணற்றடியிலிருந்து. முதல் இரண்டு கிழமைக்கு எங்கும் போக வேண்டாம், எதுவும் வாங்கவும் வேண்டாம். விடிய ஆறேகாலுக்குக் கதிரையைப் போட்டு ஒரே இடத்தில் இருபது நிமிடம் இருங்கள். முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் வராது, ஏனென்றால் நீங்கள் கதிரையை இழுத்த சத்தத்துக்கே எல்லாம் விலகியிருக்கும். அதன்பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பி வரும்.

பனையும் வேம்பும் நிற்கிற சாதாரண வளவொன்றில் பத்துப் பதினைந்து இனம் தேறும்: காகம், அண்டங்காகம், மைனா, புலுனி, செண்பகம், குயில், கிளி, கொண்டைக்குருவி, தேன்சிட்டு, தையற்சிட்டு, மாங்குயில், மரங்கொத்தி, கரிக்குருவி, வெண்மார்பு மீன்கொத்தி, பனைக்கு மேலே ஓயாமல் சுற்றுகிற பனை உழவாரன். இவற்றில் பாதியாவது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். தெரிந்ததைத் தெரியாதது போலப் பார்ப்பதுதான் இந்த இரண்டு கிழமையின் வேலை. காகத்தின் கழுத்து சாம்பலா, முழுக் கறுப்பா? சாம்பல் கழுத்து ஊர்க்காகம். உடம்பு முழுக்கக் கறுத்து, சொண்டு தடித்து, குரல் கரகரத்தால் அண்டங்காகம். புலுனி நிலத்தில் நடக்கிறதா, தத்துகிறதா? குயிலோடு வருகிற அந்தப் பழுப்பு நிறப் புள்ளிக்காரி யார்? அது வேறு பறவை என்று பலர் பெரியவர்களான பிறகும் நினைத்திருப்பார்கள். அது பெண் குயில்தான்.

இந்தப் பதினைந்தையும் முதுகைப் பார்த்தே சொல்லும் அளவுக்குப் பழகிவிட்டால், பதினாறாவது வந்து குந்தும்போது அது புதிது என்று கண் தானாகச் சொல்லும். நேரே பண்ணைக் கடல்நீரேரிக்குப் போய் ஆயிரம் கரைப்பறவைக்கு முன்னால் நிற்பவர்களில் பலர் அன்றோடு ஆசையை விட்டுவிடுவதற்குக் காரணம், இந்தப் படியைத் தாண்டிக் குதித்ததுதான்.

பறவையின் அளவை எப்படிச் சொல்வது? எல்லாம் “சின்னது”, “பெரியது” என்றுதான் தோன்றுகிறது.

மூன்று அளவுகோல் போதும். சிட்டுக்குருவி சுமார் 15 சென்ரிமீற்றர், மைனா 24, காகம் 40. “மைனாவை விடச் சிறிது, சிட்டுக்குருவியை விடப் பெரிது” என்று எழுதினால் தேடவேண்டிய பக்கங்கள் பாதியாகிவிடும். அளவுக்கு அடுத்தது சொண்டு, பிறகு கால், பிறகு வால், பிறகு அது என்ன செய்துகொண்டிருந்தது என்பது. நிறம் கடைசியில்தான். வெளிச்சம் நிறத்தை ஏமாற்றும். சொண்டின் வடிவத்தை ஏமாற்றாது.

சின்ன வயதில் கேட்ட ஊர்ப் பெயர்கள் பயன்படுமா? புத்தகங்களில் வேறு பெயர்கள் இருக்கின்றனவே?

கட்டாயம் பயன்படும். புலுனி என்று நாங்கள் சொல்வதைத் தமிழ்நாட்டில் தவிட்டுக்குருவி என்பார்கள். நம்முடைய பிராந்து அவர்களுக்குப் பருந்து. இரண்டும் சரி. ஊர்ப் பெயருக்குள்ளேயே பறவையின் குணம் இருப்பதும் உண்டு. வயல்வெளியில் ஆளைக் கண்டதும் கத்திக் காட்டிக்கொடுப்பது ஆட்காட்டி. மாரியில் வந்து பற்றைக்குள் இருந்து விடியவும் பொழுதுபடவும் கூப்பிடுவது ஆறுமணிக்குருவி.

சிக்கல் எங்கே என்றால், ஒரே ஊர்ப் பெயர் பல இனங்களுக்கு ஓடும். கொக்கு என்றால் ஐந்தாறு, ஆந்தை என்றாலும் அப்படித்தான். எனவே குறிப்பேட்டில் இரண்டு பெயரையும் எழுதுங்கள்: ஊரில் சொல்வதை முதலில், கையேட்டில் உள்ள ஆங்கிலப் பெயரைப் பக்கத்தில். ஊர்ப் பெயரை விட்டுவிட்டு ஆங்கிலப் பெயரை மட்டும் எழுதினால், அம்மம்மாவிடமோ தோட்டக்காரரிடமோ கேட்டுத் தெரிந்துகொள்ளும் வழி அடைபட்டுப் போகும்.

கொக்கு எல்லாம் ஒன்றுதானே?

யாழ்ப்பாணத்தில் முதலில் பிரித்துப் பழக இதைவிட நல்ல பாடம் இல்லை. எல்லாம் பெரியவை, வெள்ளை, வெளியில் நிற்பவை, அவசரப்படாதவை.

சின்னக் கொக்குக்குச் சொண்டும் காலும் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள். பறக்கும்போது மஞ்சள் சப்பாத்துப் போட்டது போலத் தெரியும். சேற்றுக்குள் பாதம் புதைந்திருந்தால் இந்த அடையாளம் மறைந்துவிடும், அது காலைத் தூக்கும்வரை பொறுத்திருங்கள். பெரிய கொக்கு கிட்டத்தட்ட ஒரு மீற்றர் நீளம். கழுத்து நடுவில் முடிச்சுப் போட்டது போல மடியும், வாய்க்கோடு கண்ணுக்குப் பின்னாலும் நீளும். நடுத்தரக் கொக்குக்கு அந்தக் கோடு கண்ணுக்குக் கீழேயே நின்றுவிடும், மஞ்சள் சொண்டு கட்டையாக இருக்கும். உண்ணிக்கொக்கு மாட்டின் பின்னால் நடப்பது: கழுத்து குட்டை, தாடை சற்றுப் புடைத்தது போலிருக்கும், இனப்பெருக்க காலத்தில் தலையும் மார்பும் செம்மஞ்சளாகும். குருட்டுக்கொக்கு வரம்பில் குந்தியிருந்தால் மண் நிறம், எழும்பிப் பறந்தால் திடீரென்று வெள்ளைச் செட்டை. “மண்ணிறக் கொக்கு ஒன்று கண்முன்னால் மறைந்தது” என்று யாராவது சொன்னால் அது இதுதான்.

பெரிய கொக்கின் சொண்டு இனப்பெருக்க காலத்தில் மஞ்சளிலிருந்து கறுப்பாக மாறும் என்பதையும் நினைவில் வையுங்கள். சொண்டு நிறத்தை மட்டும் நம்பினால் அப்போது பிழையாகிப்போகும்.

என்ன பைனாகுலர் வாங்கலாம்?

8×42 என்று எழுதியிருப்பது. எட்டு என்பது எத்தனை மடங்கு கிட்டத்தில் காட்டும் என்பது, 42 என்பது முன்பக்க வில்லையின் விட்டம் மில்லிமீற்றரில். 42ஐ எட்டால் வகுத்தால் சுமார் 5 வரும். கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அகலம் அது. விடியற்காலை மங்கலிலும் அது போதும். பத்து மடங்கு எடுத்தால் பறவை கொஞ்சம் பெரிதாகத் தெரியும், ஆனால் கைநடுக்கமும் பத்து மடங்காகும். பார்க்கும் பரப்பும் சுருங்கும். கடற்கரைக் காற்றில் இது உடனே தெரியவரும். நிறை 600 முதல் 750 கிராமுக்குள் இருந்தால் கழுத்து நோகாது. பிள்ளைகளுக்கு 8×32 அல்லது 6×30.

வாங்கக்கூடாதவை: மடங்கைக் கூட்டிக் குறைக்கிற சூம் வகை, வில்லை சிவப்பாக மினுங்கும் வகை, “100 மடங்கு” என்று பெட்டியில் போட்டிருப்பவை. சூம் வகையில் ஒளி குறையும், இரு கண்ணுக்கும் வரும் படம் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது.

கண்ணாடி போடுபவர்கள் கண்ணுக்கும் வில்லைக்கும் இடைத்தூரம் 15 மில்லிமீற்றராவது உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். கடையில் நின்றே தெருவின் மறுபக்கப் பெயர்ப்பலகையை ஒரு நிமிடம் பாருங்கள். கண் இழுக்கிறது போல இருந்தால் அதை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள், எவ்வளவு மலிவாக இருந்தாலும். முடிந்தால் நீர் புகாத வகையாக எடுங்கள். இங்கே மழையை விட உப்புக்காற்றுத்தான் எதிரி.

வாங்கியாயிற்று. ஆனால் இரண்டு வட்டமாகத் தெரிகிறது, பறவையும் கிடைப்பதில்லை.

முதலில் கண்ணுக்குப் பொருத்த வேண்டும். நடுவில் உள்ள கீலை மடித்து இரண்டு வட்டமும் ஒன்றாகும்வரை கொண்டுவாருங்கள். பிறகு வலக்கண்ணை மூடி, இடக்கண்ணால் மட்டும் தூரத்துப் பனையொன்றைப் பார்த்து நடுச்சில்லைத் திருப்பித் தெளிவாக்குங்கள். அடுத்து இடக்கண்ணை மூடி, நடுச்சில்லைத் தொடாமல், வலக்கண் வில்லையில் உள்ள வளையத்தை மட்டும் திருப்பி அதே பனையைத் தெளிவாக்குங்கள். அந்த வளையம் நின்ற இடத்தைப் பேனையால் அடையாளமிட்டு வையுங்கள். இனி எப்போதும் நடுச்சில்லு மட்டும்தான். கண்ணாடி போடுபவர்கள் றப்பர் விளிம்பை உள்ளே மடித்துவிட வேண்டும், மற்றவர்கள் வெளியே இழுக்க வேண்டும். இதை மாற்றிச் செய்தால் ஓரத்தில் கறுப்பு நிழல் ஆடும்.

பறவை கிடைக்காததற்குக் காரணம் கிட்டத்தட்ட எப்போதும் ஒன்றுதான்: பறவையைக் கண்டதும் கீழே குனிந்து பைனாகுலரைப் பார்ப்பது. பார்வையைப் பறவையிலிருந்து எடுக்காமல் கருவியைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். வளவில் ஒரு தேங்காய்க் குலையைக் குறிவைத்து இருபது தடவை பழகினால் கைக்கு வந்துவிடும்.

காலை ஒன்பது மணிக்கு மேல் உவர்வெளியில் எல்லாம் நெளிந்து ஆடினால் அது கருவியின் பிழை அல்ல, கானல். எந்த விலை கொடுத்து வாங்கிய வில்லையும் அதை வெல்லாது.

அலுமாரியில் அப்பாவின் பழைய பைனாகுலர் கிடக்கிறது. அது போதுமா?

பெரிய வில்லைப் பக்கத்திலிருந்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். சிலந்திவலை போல வெள்ளை நூல்கள் ஓடியிருந்தால் பூஞ்சணம் பிடித்திருக்கிறது. கொஞ்சமாக இருந்தால் பார்க்கலாம், நிறைய இருந்தால் படம் புகைபோல மங்கும். அடுத்து ஒரு மின்கம்பத்தைப் பாருங்கள். இரண்டு கம்பம் தெரிந்தாலோ, பார்த்த பின் தலை இடித்தாலோ, உள்ளே கண்ணாடிக்கட்டி நகர்ந்திருக்கிறது. வீட்டில் கழற்றிப் பூட்டினால் இன்னும் கெடும். இரண்டு சோதனையிலும் தப்பினால் தாராளமாகப் பயன்படுத்துங்கள். பழைய 8×30 கருவிகள் சில இன்றைய மலிவுச் சாமான்களை விட நன்றாகக் காட்டும்.

வைத்திருக்கும் முறை: இறுக மூடும் பிளாஸ்ரிக் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பைகள் இரண்டு மூன்று. கடற்கரையால் வந்ததும் சேட்டு நுனியால் துடைக்கக் கூடாது; உப்புத்தூள் வில்லையைக் கீறும். முதலில் ஊதி, பிறகு மெல்லிய தூரிகை, கடைசியில்தான் வில்லைத் துணி.

எந்த மாதம் நல்லது?

தையும் மாசியும். மாரி மழை ஓய்ந்து கடல்நீரேரி வற்றத் தொடங்கும்போது ஆழமில்லாத நீர் ஓரங்கள் வெளிவரும், பறவைகள் அங்கே ஒன்றுசேரும். மத்திய ஆசியப் பறப்புவழியால் தெற்கே இறங்குகிற வலசைப் பறவைகளுக்கு இலங்கை கடைசித் தரிப்பு. இதற்குத் தெற்கே அண்டார்ட்டிக்கா வரை பெருநிலம் இல்லை.

ஆவணி, புரட்டாதியிலேயே முதல் கரைப்பறவைகள் வந்துவிடும். சிலவற்றின் மார்பில் வடக்கே பூசிய செம்மை இன்னும் போகாமல் இருக்கும். ஐப்பசியில் ஆறுமணிக்குருவி, பழுப்புக் கீச்சான், மின்கம்பி நிறையத் தகைவிலான்கள். கார்த்திகை, மார்கழியில் வாத்துகள்: ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, நாமத்தலை வாத்து. பங்குனி, சித்திரையில் எல்லாம் கொழுத்து நிறம் ஏறி வடக்கே திரும்பும். சோளகம் அடிக்கிற மாதங்களில் கடல்நீரேரி வரண்டு வெளி புழுதியாகக் கிடக்கும், வளவுப் பறவைகளுக்கே திரும்பி வாருங்கள்.

முதல் தடவை வெளியே போவதென்றால் எங்கே?

பண்ணைத் தாம்போதி. கோட்டையைத் தாண்டியதும் தொடங்கி மண்டைதீவுச் சந்திப் பக்கமாகப் போகிற வீதி. வேலணை, ஊர்காவற்றுறை, குறிகட்டுவான் பஸ்கள் எல்லாம் அதனால்தான் போகும்.

விடிய ஆறேகாலுக்கு அங்கே நில்லுங்கள், எட்டரைக்குத் திரும்புங்கள். மாரியில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் வடக்குப் பக்கம் பார்த்தால் வெளிச்சம் உங்கள் முதுகில், பறவையின் முகத்தில். தெற்கே பார்த்தால் எல்லாம் கறுத்த நிழல். இதைக் கவனிக்காமல் தெற்கு மதிலில் சாய்ந்து நின்று “எல்லாம் கறுப்பாக இருக்கிறது” என்று சலிப்பவர்கள் நிறையப் பேர்.

ஒரே இடத்தில் பதினைந்து நிமிடம் நின்று, பிறகு நூறு இருநூறு மீற்றர் நகர்ந்து, மீண்டும் பதினைந்து நிமிடம். முதலில் வலைக் கம்புகளைப் பாருங்கள். கட்டியிருக்கிற வலைகளின் ஒவ்வொரு கம்பிலும் யாராவது குந்தியிருப்பார்கள்: செட்டையை விரித்துக் காயவைக்கும் நீர்க்காகம், செம்பிராந்து, ஆலாக்கள். ஆலாக்களில் காகத்தைவிடப் பெரிதாய், கரட் போன்ற சிவந்த தடித்த சொண்டோடு இருப்பது கஸ்பியன் ஆலா. தடித்த கறுப்புச் சொண்டு என்றால் பருத்த சொண்டு ஆலா. முதல் நாளைக்கு இந்த இரண்டையும் பிரித்தால் போதும்.

சைக்கிள், மோட்டார் சைக்கிளில் போவோர் கவனிக்க: ஓடுகிற வண்டிக்குப் பறவை பயப்படாது, நின்ற வண்டிக்குத்தான் பயப்படும். நூறு மீற்றர் முன்னாலேயே நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள். கார், ஓட்டோ என்றால் இறங்காமல் உள்ளே இருந்தே பாருங்கள். வீதி ஓரம் ஒடுக்கம், பஸ்கள் வேகமாக வரும். பைனாகுலர் கண்ணில் இருக்கும்போது ஒரு அடிகூட நகர வேண்டாம்.

அதற்குப் பிறகு?

அவரவர் வீட்டுக்குக் கிட்டியதைப் பாருங்கள். தென்மராட்சிக்காரருக்குச் சரசாலைக் குருவிக்காடு. பின்னேரம் கண்டல் மரங்களில் அடையவரும் பறவைகளைப் பார்க்கலாம். வடமராட்சிக்குப் போகிறவர்களுக்கு வல்லைவெளியும் தொண்டைமானாற்றுக் கடல்நீரேரியும். வலிகாமம் மேற்கில் அராலி, பொன்னாலை – காரைநகர்த் தாம்போதி. நகரத்துக்குக் கிழக்கே அரியாலை, நாவற்குழிச் சேற்றுவெளிகள். நெடுந்தீவுக்குப் போகிற படகும் வீணில்லை, குறிகட்டுவானில் ஏறியதிலிருந்து கடல் ஆலாக்களைக் கவனியுங்கள்.

ஒரு முழுநாள் ஒதுக்க முடிந்தால் சுண்டிக்குளம். 1938இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு 2015இல் தேசியப் பூங்காவானது. வாகனம், தண்ணீர், சாப்பாடு எல்லாம் கையோடு வேண்டும். மன்னார் வரை போகிறவர்களுக்கு வங்காலைச் சரணாலயம் இருக்கிறது. 2010 முதல் ராம்சார் ஈரநிலம், அதாவது உலக முக்கியத்துவம் உள்ளதென்று பட்டியலிடப்பட்டது.

பூநாரை பார்க்கப் போனோம். ஒன்றுகூட இல்லை. பொய்யா?

பொய்யில்லை, தண்ணீர். பூநாரை தலையைக் கவிழ்த்துச் சொண்டை நீரில் இழுத்து வடிகட்டித் தின்பது. அதற்கு ஆழமில்லாத உவர்நீர் வேண்டும். பெருமழை பெய்து கடல்நீரேரி நிரம்பினால் அவை வேறு இடம் தேடிச் சிதறிவிடும். முற்றாக வற்றினாலும் போய்விடும். சென்ற வருடம் நின்ற இடத்தில் இந்த வருடம் நிற்க வேண்டும் என்றில்லை. இங்கே கடலின் ஏற்றவற்றம் ஒரு மீற்றருக்கும் குறைவு, எனவே பெருக்கு வற்று அட்டவணையை விட மழையையும் காற்றையும் பார்த்துத்தான் நீர்மட்டத்தைக் கணிக்க வேண்டும். கரையில் தொழில் செய்கிறவர்களிடம் கேளுங்கள், இன்று எங்கே நிற்கிறது என்று அவர்களுக்குத் தெரியும்.

தூரத்தில் வெள்ளைக்கோடு மட்டும் தெரிந்தால் ஏமாற வேண்டாம். இளம் பூநாரை சாம்பலும் பழுப்புமாகத்தான் இருக்கும். வளர்ந்தவையும் நிற்கும்போது வெளிறியே தெரியும். செட்டையை விரித்தால்தான் அந்தச் சிவப்பு.

சேற்றில் ஓடித்திரிகிற சின்னதுகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன.

எல்லாருக்கும் அப்படித்தான், பல வருடம் பார்ப்பவர்களுக்கும் சில நாட்களில். ஒரு பருவத்தில் ஐந்தை மட்டும் படியுங்கள்.

நெடுங்கால் உள்ளான்: நம்பமுடியாத நீளமான இளஞ்சிவப்புக் கால், கறுப்பு வெள்ளை உடம்பு. பவளக்காலி: செம்மஞ்சள் கால், பறக்கும்போது செட்டையின் பின்விளிம்பில் அகன்ற வெள்ளைப் பட்டை, எல்லாருக்கும் முதல் சத்தம் போட்டு ஓடுவது. பச்சைக்காலி: அதைவிடப் பெரிது, சொண்டு நுனி லேசாக மேல்நோக்கி வளைந்தது. கோட்டான் (ஆந்தையல்ல, கரைப்பறவை): கீழே வளைந்த மிக நீண்ட சொண்டு. கொசு உள்ளான்: சிட்டுக்குருவியளவு, தையல் மெசின் ஊசிபோல விடாமல் கொத்துவது.

இந்த ஐந்துக்கு வெளியே, கட்டைச் சொண்டும் பெரிய கண்ணுமாக நாலடி ஓடி, சட்டென்று நின்று, ஒரு கொத்துக் கொத்தி, மறுபடி ஓடுவது எதுவானாலும் அது உப்புக்கொத்திக் குடும்பம். எந்த உப்புக்கொத்தி என்ற சண்டை அடுத்த வருடத்துக்கு. குறிப்பேட்டில் “உப்புக்கொத்தி, இனம் தெரியாது, 40” என்று எழுதுவதில் ஒரு வெட்கமும் இல்லை. ஊகித்து ஒரு பெயரைப் போடுவதுதான் பிழை.

யாழ்ப்பாணத்தில் மட்டும் பார்க்கக்கூடியது ஏதும் உண்டா?

இலங்கைக்கே உரிய முப்பதுக்கு மேற்பட்ட இனங்களில் பெரும்பாலானவை தென்மேற்கின் ஈரக்காடுகளில். அந்தப் பட்டியலோடு இங்கே வந்தால் ஏமாற்றம்தான். ஆனால் தெற்கே இருப்பவர்கள் வடக்கே வந்து தேடுகிற பறவைகள் இருக்கின்றன.

வளவில் பனையைத் தட்டுகிற மரங்கொத்தியைப் பாருங்கள். முதுகு பொன்மஞ்சள். தெற்கே போகப் போக முதுகு சிவந்த வேறோர் இனம். இடைப்பட்ட பகுதியில் இரண்டும் கலந்து செம்மஞ்சள் முதுகோடும் காணலாம். நம்முடைய பொன்முதுகுக்காரனின் உள்ளினப் பெயரிலேயே யாழ்ப்பாணம் இருக்கிறது: ஜாஃப்னென்ஸ்.

மாட்டு முதுகிலும் மின்கம்பியிலும் குந்தும் முழுக்கறுப்புக் கரிக்குருவி, தோட்டவெளிகளில் விடியக் கூவும் கவுதாரி, கழுத்தில் கறுப்புப் பட்டியோடு கள்ளிப்புறா: இவையெல்லாம் வடக்கு, வடமேற்கு வரண்ட கரைப்பகுதிகளை விட்டு அதிகம் போகாதவை. நமக்கு மலிந்தவை என்பதால் மதிப்புத் தெரிவதில்லை. இன்னொன்று, 2023இல் தனி இனமாகப் பிரிக்கப்பட்ட அனுமன் உப்புக்கொத்தி. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் மட்டும் வாழ்வது, நம்முடைய உவர்வெளிகளில் வெறும் நிலத்தில் முட்டையிடுவது.

போன் செயலி இருக்கும்போது இதெல்லாம் ஏன் படிக்க வேண்டும்?

பறவையை இனங்காட்டும் மேர்லின் செயலி நல்ல உதவி. வீட்டில் வைஃபையில் பிரதேசத் தொகுப்பை இறக்கிவைத்தால் வெளியில் இணைப்பில்லாமலும் வேலைசெய்யும். ஆனால் அது காட்டும் பெயர் ஒரு துப்பு மட்டுமே. கரிக்குருவிகள் மற்றப் பறவைகளின் குரலைப் போலி செய்யும். செயலி அதை அப்படியே நம்பிவிடும். கடற்காற்றில் ஒலிவாங்கி இரைச்சலைத்தான் கேட்கும். கண்ணால் காணாத பறவையைப் பட்டியலில் சேர்க்க முன் ஒரு தடவை யோசியுங்கள்.

பட்டியலை ஈபேர்ட் என்ற இணையத்தளத்தில் பதியலாம்; பறவை பார்ப்பவர்களின் பட்டியல்கள் சேர்கிற இடம் அது. தொடங்கிய நேரம், நின்ற நேரம், நடந்த தூரம், எண்ணிக்கை நான்கும் இருந்தால்தான் அது பின்னால் யாருக்கும் பயன்படும். ஒவ்வொரு ஜனவரியும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது, எண்ணிப் பழகியவர்கள் சேர்ந்துகொள்ளலாம்.

ஆயிரம் வாத்தை எப்படி எண்ணுவது?

ஓரத்தில் பத்தை எண்ணுங்கள். அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணால் அளந்து, அதே அளவைக் கூட்டத்தின் மேல் வரிசையாக வைத்துப் பாருங்கள். பெரிய கூட்டமென்றால் ஐம்பதாக. நடுவில் நெருக்கமாகவும் ஓரத்தில் ஐதாகவும் இருக்கும் என்பதால் இரண்டு இடத்தில் அளப்பது நல்லது. புதியவர்கள் பெரும்பாலும் குறைத்தே மதிப்பிடுவார்கள்.

என்ன உடுத்துவது? எங்கே கவனமாக இருப்பது?

மங்கிய பச்சை, மண்ணிறம், சாம்பல். வெள்ளை வேண்டாம். இராணுவச் சீருடை போன்ற புள்ளித்துணி அறவே வேண்டாம், சோதனைச்சாவடியில் சிக்கல் வரும். தேசிய அடையாள அட்டை கையில் இருக்கட்டும். முகாம், கடற்படைத் தளம், சாவடி எதன் பக்கமும் பைனாகுலரையோ கமராவையோ திருப்பாதீர்கள், அதன் மதிலில் எவ்வளவு அரிய பறவை குந்தியிருந்தாலும்.

முகமாலை, ஆனையிறவு, நாகர்கோவில் பக்கங்களில் மண்டையோடு போட்ட சிவப்பு மிதிவெடிப் பலகையோ கட்டிய நாடாவோ கண்டால் ஒரு அடிகூட உள்ளே வைக்க வேண்டாம். பலகை இல்லாத இடத்திலும் ஊரார் நடந்து தேய்ந்த பாதையை விட்டு விலகாதீர்கள். கடல்நீரேரிச் சேறு மேலே காய்ந்தது போலத் தெரிந்தாலும் உள்ளே முழங்கால் வரை இழுக்கும்.

ஆளுக்கு ஒன்றரை லீற்றர் தண்ணீர், தொப்பி. செருப்பை விடச் சப்பாத்து நல்லது, வெளியெல்லாம் முள்.

கூட்டைப் படம் எடுக்கலாமா?

வேண்டாம். நீங்கள் கிட்டப்போனதும் தாய் விலகும், மரத்தில் காகம் பார்த்துக்கொண்டிருக்கும், நீங்கள் திரும்பியதும் அது இறங்கும். நிலத்தில் முட்டையிடும் உப்புக்கொத்தி, ஆட்காட்டி, சின்ன ஆலா ஆகியவற்றுக்கு இன்னும் மோசம். கூடு கண்ணில் படமுன் காலில் பட்டுவிடும். ஆட்காட்டி தலைக்கு மேலே சுற்றிக் கத்தினால் வந்த வழியே திரும்புங்கள். பறவை மேய்வதை நிறுத்தித் தலையை நிமிர்த்திவிட்டாலே நீங்கள் அளவுக்கு மீறிக் கிட்டே வந்துவிட்டீர்கள். போனில் குரலை ஒலிக்கவிட்டு அழைப்பதும் கூடாது. ட்ரோன் பற்றிப் பேச்சே இல்லை.

வளவில் தண்ணீர் வைத்தால் நுளம்பு வராதா?

தினமும் மாற்றினால் வராது. மண்சட்டி மூடி போல அகன்ற பாத்திரம், ஆழம் ஐந்து சென்ரிமீற்றருக்கு மேல் வேண்டாம், நடுவில் ஒரு கல். விடிய ஊற்றிக் கவிழ்த்துவிட்டுப் புதுத்தண்ணீர். நுளம்பின் முட்டை விளிம்பில் ஒட்டும் என்பதால் கிழமைக்கு இரண்டு தடவை தும்பால் தேய்த்துக் கழுவுங்கள். இதைச் செய்ய முடியாதவர்கள் வைக்காமல் விடுவதே நல்லது, டெங்கு ஊர் இது. பூனை பதுங்கும் பற்றையிலிருந்து இரண்டு மீற்றராவது தள்ளி வையுங்கள்.

மரம் வைக்க இடமிருந்தால் முள்முருக்கு, முருங்கை, செவ்வரத்தை, ஜாம் மரம். தலை போன பனையைத் தறிக்க முன் பொந்து இருக்கிறதா என்று பாருங்கள், கிளியின் வீடு அதுதான்.

ஐப்பசியில் பச்சை நீலக் குருவி ஒன்று வீட்டுக்குள் விழுந்து கிடந்தது. என்ன செய்வது?

அனேகமாக ஆறுமணிக்குருவி: முதுகு பச்சை, தோளில் நீலம், கண்ணில் கறுப்புப் பட்டை, வாலடியில் சிவப்பு. இரவில் கடல் தாண்டி வந்து, களைத்து, வெளிச்சத்துக்கு இழுபட்டு யன்னல் கண்ணாடியில் மோதியிருக்கும். துணியால் மெதுவாக மூடி எடுத்து, காற்றுத்துளை போட்ட காட்போட் பெட்டிக்குள் விட்டு மூடுங்கள். இருட்டும் அமைதியும்தான் மருந்து. வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, நுரையீரலுக்குப் போய்விடும். சோறு, பாண் எதுவும் வேண்டாம். பிள்ளைகள் திறந்து திறந்து பார்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு மணித்தியாலத்தில் உள்ளே தத்தும் சத்தம் கேட்டால், நாயும் பூனையும் இல்லாத பற்றை ஓரத்தில் பெட்டியைச் சரித்துவைத்துத் தள்ளி நில்லுங்கள். செட்டை தொங்கினாலோ நிற்க முடியாமல் சரிந்தாலோ வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். தப்பியது சித்திரை வரை உங்கள் வேலியோரச் சருகைக் கிளறிக்கொண்டு திரியக்கூடும். பின்னேரம் ஆறு மணிக்குக் காதைக் கொடுத்துப் பாருங்கள்.